'ஃபெங்தோ': வாட்டுச்சுருள் எனலாமா?

ஐயா, வணக்கம்.

சீன மருத்துவத்தில் ஆர்க்கிட் தண்டைச் சுருட்டி உலர்த்திய 'தியேபி ஃபெங்தோ'வுக்கு நம் சொற்பட்டியலில் 'ஆர்க்கிட் உருண்டை' என்று இருக்கிறது. மாற்றக் கோருகிறேன். உருண்டை என்றால் இடித்துப் பிடித்தது. இது இடிபடாத தண்டு. டென்ட்ரோபியம் அஃபிசினாலே என்னும் ஆர்க்கிட் இனத்தின் தண்டை நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் அறுத்து, இலையும் வேரும் கழித்து, இளஞ்சூட்டில் இளகவைத்து, சூடு ஆறுமுன் கையால் முறுக்குகிறார்கள். ஆறினால் சுருள் தளரும். மறுபடி சூடு காட்டி இறுக்க வேண்டும். சூடு குறைந்தால் தண்டு முறியும், மிஞ்சினால் கருகும். வாழையிலையை அனலில் காட்டி மடிக்கிறோமே, அதே பக்குவம். அதற்கு 'வாட்டுதல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. 'வாட்டுச்சுருள்' எனலாமா?

---

அம்மா, வணக்கம்.

சொல் பொருந்துகிறது. 'உலர்சுருள்' என்றால் சூட்டில் முறுக்கும் வேலை மறைந்துவிடும். 'முறுக்கு' என்றால் பலகாரமாகிவிடும். ஆனால் முன்னால் 'ஆர்க்கிட்' என்று மட்டும் போட ஒப்பமாட்டேன். பூக்கடையில் விற்கும் டென்ட்ரோபியமும் ஆர்க்கிட்தான். அழகுக்கு வளர்க்கும் செடிக்கு, உண்ணும் பயிருக்கு ஆகாத பூச்சிமருந்தையும் அடித்திருப்பார்கள். கழுவினாலும் தண்டுக்குள் ஊறியது போகாது.

குழப்பம் தரும் இன்னோர் இனம், டென்ட்ரோபியம் நோபிலே. 2010-ஆம் ஆண்டுச் சீன மருந்தியல் நூல் அஃபிசினாலேயை 'ஷிஹு' (டென்ட்ரோபியம் தண்டு மருந்துகளின் பொதுப்பெயர்) பட்டியலிலிருந்து பிரித்துத் தனிப்பதிவாக்கியது. நோபிலே பழைய பதிவிலேயே நிற்கிறது. அதில் டென்ட்ரோபின் என்னும் ஆல்கலாய்டு (தாவர வேதிப்பொருள்) 0.40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. உணவாகவும் மருந்தாகவும் கொள்ளலாம் என்று 2023 நவம்பரில் சீனம் சேர்த்தது அஃபிசினாலேயைத்தான், நோபிலேயை அன்று. இனப்பெயர் இல்லாத சொல் இரண்டையும் ஒரே சட்டியில் போட வைக்கும்.

---

ஐயா, ஏற்கிறேன். மென்று பார்த்தாலும் வேறுபாடு தெரியும்: அஃபிசினாலே பசையாக நாவில் ஒட்டும், நோபிலே கசக்கும். ஆனால் டெவோனியானம் போன்ற மலிவான இனங்களும் இதே வடிவில் சுருட்டப்படுவதால், வாயை மட்டும் நம்ப முடியாது. கொள்முதல் ரசீதில் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். காட்டிலிருந்து பிடுங்கிய தண்டு வேண்டவே வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுதும் காட்டுயிர், தாவர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வருகிறது. பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

அஃபிசினாலே வாட்டுச்சுருள்: (பெ.) டென்ட்ரோபியம் அஃபிசினாலே தண்டைச் சூட்டில் இளக்கி முறுக்கி உலர்த்தியது. வழக்கமாக 2 முதல் 6 சுற்று, பிரித்தால் 3.5 முதல் 8 செ.மீ. நீளம். கஷாய அளவு 6 முதல் 12 கிராம். ஊறவைத்து, சுருள் அவிழும்வரை சிறுதீயில் கொதிக்கவிடுக.