எப்போதாவது மரம் அறுக்க எந்தச் செயின்சா?

முருங்கை, வேப்பங்கிளை, காற்றில் சாய்ந்த தென்னை. வருடத்துக்கு நாலைந்து நாள்தான் வேலை. 58 சிசி, 22 அங்குல பெட்ரோல் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில் 1: வேண்டாங்க. கிளைக்கு அவ்வளவு நீள பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) எதற்கு? கனம் கூடும், நுனி எதிலாவது இடித்து முகத்துக்கு எகிறும். கரண்ட் எட்டும் தோட்டமென்றால் 2000 வாட், 16 அங்குல எலக்ட்ரிக் போதும். 30 மீட்டர் இழுத்தால் 2.5 சதுர மி.மீ. கேபிள் போடுங்கள்; மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும்.

பதில் 2: பெட்ரோல்தான் வேண்டுமென்றால், அதில் கலக்கும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) அளவை மேனுவலில் பாருங்கள். 25:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். செயினுக்கு விடும் ஆயில் தனி, அதை மறக்கவே கூடாது.

பதில் 3: தென்னை செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும், நாரும் ஸ்பிராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) சுற்றும். மரம் செதிலாக விழாமல் மாவாக விழுந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த வகை) செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம். ஏணியில் நின்று மட்டும் ஓட்டாதீர்கள், தயவுசெய்து.