சிரிஞ்சில் மட்டும் துகள் ஏறுது: கண்ணுக்கான ஃபேப் மருந்து

கோப்பி கொசோங்:
ஈரவகை மாக்குலா சிதைவுக்கான (விழித்திரை நடுப்பகுதி கெடும் நோய்) வி.இ.ஜி.எஃப். (ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதம்) தடுப்பு ஃபேப் (ஆன்டிபாடியின் ஒரு துண்டு), 48 கிலோடால்டன், 60 மி.கி./மி.லி. ஹிஸ்டிடின் பஃபர், ட்ரெஹலோஸ், பாலிசார்பேட் 20 (சோப்பு மாதிரி வேலை செய்யும் சேர்பொருள்) 0.01%. குப்பியில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் மி.லி.க்கு பத்துக்குள்ளதான். அதையே 1 மி.லி. கண்ணாடி சிரிஞ்சில் நிரப்பிக் குலுக்கினா 180. பாலிசார்பேட்டை 0.03% ஆக்கினேன், இன்னும் கூடிப்போச்சு. எங்கே கை வைக்கலாம்?

துவாஸ் நைட் ஷிஃப்ட்:
சாதாரண ஊசிமருந்தா இருந்தா 180 ஒரு பொருட்டே இல்லை. கண்ணுக்கு யு.எஸ்.பி. 789 (அமெரிக்க மருந்துத் தர நூலின் துகள் வரம்பு) மி.லி.க்கு 50 தான் விடும், 25 மைக்ரானுக்கு மேல் 5.
முதல்ல அது புரதமா, இல்லை பிஸ்டன் வழுக்க சிரிஞ்சுக்குள்ளே பூசுற சிலிகோன் எண்ணெயான்னு பாருங்க. ஒளிமறைப்புக் கருவி எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும். ஃப்ளோ இமேஜிங்கில் (ஓடும் துகளைப் படமெடுக்கும் கருவி) போடுங்க: உருண்டையா, கரிய விளிம்பும் வெளுத்த நடுவுமா இருந்தா சிலிகோன், கந்தல் துணி மாதிரி ஒழுங்கில்லாம மங்கலா தெரிஞ்சா புரதத் திரள். பாலிசார்பேட் கூட்டினதும் துகள் ஏறுச்சுன்னா என் பந்தயம் எண்ணெய் மேல. சோப்பு பாத்திரத்து எண்ணெயைக் கழட்டுற கதைதான். சிலிகோனைச் சும்மா தெளித்த சிரிஞ்சை விட்டுட்டு, சிலிகோனைச் சூட்டில் சுட்டுப் படியவைத்த சிரிஞ்சை வாங்குங்க, எண்ணெய் 0.1 மி.கி.க்கும் கீழே வந்துடும். ஆனா பிஸ்டன் நகரத் தொடங்கும் விசையை, சேமித்துவைத்த பிறகும் அளக்கணும். அங்கே பிஸ்டன் திக்கினா டாக்டர் கை கண்ணுக்குள்ளேயே குதிக்கும்.

ஊட்ரம் கண்ணாடி:
குலுக்குறதை விட காற்றுக்குமிழி மோசம். திரவமும் காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற கோடு நகர நகர எண்ணெய்ப் படலம் உரிஞ்சு வரும், புரதமும் அதில் ஒட்டும். அடைப்பானை வெற்றிடத்தில் பொருத்தினா குமிழி சிறுத்துடும். குமிழியை ஏத்த கிளினிக்கில் சிரிஞ்சை விரலால் சுண்டுவாங்க. அதையும் சோதனையில் சேருங்க. உள்ளே போன எண்ணெய்த்துளி விட்ரியசில் (கண்ணுக்குள் நிறைந்த கூழ்) மேலே மிதந்து, நோயாளிக்குப் புள்ளியா ஆடும்.

கோப்பி கொசோங்:
இமேஜிங்கில் பெரும்பகுதி உருண்டைதான். எண்ணெயே இல்லாத பாலிமர் சிரிஞ்சுக்குப் போயிடலாமா?

துவாஸ் நைட் ஷிஃப்ட்:
போகலாம், ஆனா பாலிமர் கண்ணாடியை விட ஆக்சிஜனை அதிகம் விடும். புரதத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜனேற்றத்தை மாதாமாதம் பாருங்க. கண் சிரிஞ்சுக்கு வெளிப்புறமும் கிருமிநீக்கம் வேணும். அதுக்குப் பயன்படுத்துற எத்திலீன் ஆக்சைடு வாயு பாலிமரைத் துளைச்சு உள்ளே போய்ப் புரதத்தையே மாத்தும். கண்ணாடியிலும் அடைப்பான், முனைமூடி வழியா கொஞ்சம் கசியும்.

உருண்டை இல்லாத அந்த மிச்சத்தையும் விட்டுடாதீங்க. கண்ணாடி முனையில் துளை போடும் டங்ஸ்டன் ஊசியோட எச்சம் ஃபேப்பைத் திரளவைக்கும். எச்சம் குறைந்த சிரிஞ்சு கேட்டு வாங்குங்க. சந்தேகம்னா டங்ஸ்டன் சாற்றைக் குப்பி மாதிரியில் கலந்து பாருங்க, கலங்கினா விடை கிடைச்சாச்சு.