கசுவோ இஷிகுரோவின் ‘தி பரீட் ஜயன்ட்’ நாவல்: படித்தவர்கள் பகிர்ந்தவை

காட்பாடியிலிருந்து:
கதையை நான் விளக்கப் போவதில்லை. இங்கே எல்லோரும் படித்தவர்கள்தாம். மகனைத் தேடிக் கிளம்பிய முதிய தம்பதி ஆக்சலும் பியாட்ரிஸும், எல்லோரையும் மறதியில் ஆழ்த்தியிருந்த மூடுபனி விலகியபின், அவன் கொள்ளைநோயில் எப்போதோ இறந்துவிட்டதையும், அவன் கல்லறைக்குப் போகவிடாமல் மனைவியைத் தடுத்தவர் ஆக்சலே என்பதையும் நினைவுகூரும் இடத்தில் என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. சிறுவயதில் இறந்த என் அண்ணனின் படத்தைச் சுவரில் மாட்ட அப்பா விடவில்லை. அது இன்றும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அன்றிரவு அந்தப் பகுதியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். “அதுக்கப்புறமும் அந்தம்மா அவர்கூடத்தான் இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

சத்துவாச்சாரியிலிருந்து:
நண்பர் நாவலைக் குடும்பக் கதையாகச் சுருக்கிவிட்டார். அந்த மூடுபனியே கெரிக் என்னும் டிராகனின் மூச்சுதான்; அதில் மந்திரவாதி மெர்லின் மறதியை ஏற்றியது, சாக்சன் பெண்களையும் குழந்தைகளையும் பிரிட்டன் இனத்து அரசர் ஆர்தரின் படை கொன்றது எவர் நினைவிலும் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். இதைப் படித்து முடித்த வாரத்தில், வேலூர்க் கோட்டைக்கு எதிரே உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைக் காட்டி, “யாரை யார் கொன்னாங்க, தாத்தா?” என்று பேரன் கேட்டான். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் வெள்ளைக்காரப் படையினரைக் கொன்றதிலிருந்து தொடங்குவதா, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட வைத்ததிலிருந்து தொடங்குவதா, அதற்கும் முன்னே சிப்பாய்கள்மேல் திணித்த புதிய தலைப்பாகையிலிருந்தா என்று தெரியாமல் நின்றேன். பிரிட்டன் இனத்தாரை வெறுப்பேன் என்று சாக்சன் வீரன் விஸ்டன் தன்னோடு வரும் சாக்சன் சிறுவன் எட்வினிடம் வாக்குறுதி வாங்கும் இடம்தான் அப்போது மனதில் ஓடியது.

குடியாத்தத்திலிருந்து:
நான் இதை இரவுப் பணியில் படித்தேன். ஆர்தரின் முதிய வீரர் கவைன் இறக்கும் இடத்தில் அழுதேன். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் சத்துவாச்சாரி ஐயா பேரனிடம் இரண்டு பக்கத்துச் சாவுகளையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். பாதியைச் சொன்னால் அவனும் எட்வின்தான். காட்பாடி நண்பர் அந்தப் படத்தை ஒரேயடியாக நடுக்கூடத்தில் மாட்டிவிட வேண்டாம்; முதலில் அம்மாவிடம் தனியே கொடுங்கள், அப்பா வெளியே போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் மூளை ஆய்வாளர் கரீம் நாடெரும் உடனிருந்தவர்களும் எலிகளிடம் செய்த சோதனையில், பழைய அச்ச நினைவு ஒன்றைத் தூண்டிய உடனே மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, அந்த அச்சம் பின்னர் பெரிதும் குறைந்திருந்தது. அதாவது, நினைவு மேலே வரும் வேளையில்தான் அது இளகியும் இருக்கிறது. ஆகையால் அம்மா படத்தைப் பார்க்கும்போது அருகில் யார் இருக்கிறார், என்ன பேசுகிறார் என்பது முக்கியம். அப்பாவைக் குற்றம் சாட்டும் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

காட்பாடியிலிருந்து:
நான் யோசனை கேட்கவில்லை, ஐயா. அப்பா காலமாகி வெகுகாலம் ஆகிறது. இப்போதும் படத்தை எடுக்க வேண்டாம் என்பவர் அம்மாதான்.

ஆரணியிலிருந்து:
எல்லோரும் டிராகனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு, ஆட்களைத் தீவுக்கு ஏற்றிச்செல்லும் அந்தப் படகோட்டியைத்தான் மறக்க முடியவில்லை. கணவனையும் மனைவியையும் தனித்தனியே நிறுத்தி, மிகவும் போற்றும் நினைவு எது என்று கேட்பானே, அதை நாங்களும் கேட்டுப் பார்த்தோம். அவர் ஏலகிரிக்குப் போன முதல் பயணத்தைச் சொன்னார். நான், மகளுக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனை வராந்தாவில் விடிய விடிய இருவரும் உட்கார்ந்திருந்த இரவைச் சொன்னேன். “அதைப் போய் யாராவது வெச்சிருப்பாங்களா?” என்றார் அவர். அந்த இரவு அவருக்குச் சுத்தமாக நினைவில் இல்லையாம்.