வில்லனுக்கு மட்டும் தனி ரூல்ஸ் வைக்கலாமா? (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டி அண்ட் டி விளையாட்டு, 5ஆம் பதிப்பு)

பகடைப்பித்தன்:
நான்கு பேருக்கு டிஎம் ஆக (கதையையும் எதிரிகளையும் நடத்துபவராக) இருக்கிறேன், 2014 ரூல்ஸ், எல்லோரும் 5ஆம் லெவல். அடுத்து வரும் வில்லன் ஒரு விசார்ட் (மந்திரவாதி), எங்கள் குழு விசார்டின் குருவிடமே படித்தவன். அவனுக்கு பிளேயர் மாதிரி முழு ஷீட் போடுவதா, இல்லை புத்தகத்தில் மேஜ் என்ற மந்திரவாதிக்குத் தயாராக உள்ள ஸ்டாட் பிளாக்கை (எண்கள், சக்திகளின் பட்டியலை) எடுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொள்வதா? ஸ்டாட் பிளாக் என்றால் “ஒரே குரு, அவனுக்கு முடிவது எனக்கு ஏன் முடியாது?” என்று கேள்வி வரும், அந்த ஆள் ரூல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். அப்புறம் இன்னொரு தலைவலி, குழுவோடு வரும் நைட் என்பிசி (பிளேயர் இல்லாமல் நானே ஆட்டும் வீரர்). போன சண்டையில் பாதி வேலையை அவரே முடித்துவிட்டார், எங்கள் ஃபைட்டர் முகம் சரியில்லை.

கரும்பாறை:
முழு ஷீட் வேண்டாம். பிளேயர் கேரக்டர் ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கச் செய்தது, டிஎம் கைடே ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு சண்டை வரை கணக்குப் போடுகிறது. வில்லன் வாழப்போவது மூன்று ரவுண்டு. நாளைக்கு என்று எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் எடுத்ததுமே ஃபயர்பால் (நெருப்புக்குண்டு மந்திரம்), மறுபடி ஃபயர்பால். ஒன்றின் சராசரி அடி 28, கான் (உடல் உறுதி) 14 உள்ள 5ஆம் லெவல் விசார்டின் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 32. அடி பெரிது, உடம்பு சின்னது, யாருக்கு இனிஷியேட்டிவ் (முதலில் ஆடும் வாய்ப்பு) வந்ததோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான். அதே லெவலில் எதிரே நான்கு பேர் நின்றால் பாத்ஃபைண்டர் 2 (இதே மாதிரி இன்னொரு விளையாட்டு) அதை எக்ஸ்ட்ரீம் (மிக ஆபத்தான சண்டை) என்கிறது, சும்மா இல்லை.

மேஜ் பிளாக்கும் அப்படியே போதாது. ஹெச்பி 40தான். ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட் உள்ள ஃபைட்டர் ஆக்ஷன் சர்ஜ் (அதே முறையில் கூடுதலாக ஒரு ஆக்ஷன்) போட்டு நான்கு அடியும் பட்டால் சராசரி 44. ஹெச்பியை ஏற்றுங்கள், முன்னால் இரண்டு பேரை நிறுத்துங்கள்.

பழையபகடை:
எண் விஷயத்தில் கரும்பாறை சொல்வது சரி, ஆனால் அந்த விசார்ட் கேட்பதும் நியாயமான கேள்வி. 2000இல் வந்த 3ஆம் பதிப்பில் என்பிசிக்கும் பிளேயருக்கும் ஒரே எலும்புக்கூடு, ஊர்க் கொல்லனுக்குக்கூட எக்ஸ்பர்ட் என்று ஒரு கிளாஸ் (பாத்திர வகை). தயார் செய்யவே ஒரு சாயங்காலம் போய்விடும், அது வேறு. ஆனால் எதிரி செய்வதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றினால் போதும். ஹெச்பி, டேமேஜ் எல்லாம் உங்கள் இஷ்டம், யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகத்தில் இல்லாத சக்தி கொடுத்தால் மட்டும் அதற்குக் கதைக்குள் ஒரு வேர் வேண்டும். புது மந்திரமா, அவன் செத்தால் அவனுடைய ஸ்பெல்புக் (மந்திரங்கள் எழுதிய புத்தகம்) உங்கள் விசார்டுக்கு. ஏதோ பேயோடு ஒப்பந்தமா, அதை முறிக்க ஒரு வழி இருக்கட்டும், பிளேயருக்கும் அந்தப் பேய் அதே பேரம் பேசட்டும். ஓத்பிரேக்கர் பாலடினை (சத்தியத்தை முறித்த புனித வீரனை) வில்லனுக்கென்றே டிஎம் கைடில் வைத்தார்கள், அதை எனக்கும் கொடு என்று கேட்காத பிளேயர் உண்டா!

நைட் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம், அவரை ஃபைட்டர் ஆடுபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம்கதவு:
கொடுத்தாலும் எண் இடிக்கும். நைட் ஹெச்பி 52, கான் 14 உள்ள உங்கள் ஃபைட்டருக்கு 44. டாஷா என்ற துணைப் புத்தகத்தின் (2020) சைட்கிக் (கூட வரும் துணையாள்) ரூல் நல்லது, ஆனால் சிஆர் (சண்டை பலத்தின் அளவு) அரைக்கு மேல் போனவர்களுக்கு அது கிடையாது, நைட் சிஆர் 3. நானாக இருந்தால் நைட்டின் வாளை உறைக்குள் போட்டுவிட்டு லீடர்ஷிப்பை மட்டும் செய்ய வைப்பேன், ஒரு நிமிடத்துக்கு அவர் கத்தக் கத்த மற்றவர்கள் அட்டாக்கிலும் சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) டி4 (நான்கு பக்கப் பகடை) கூட்டிக்கொள்வார்கள். அடிப்பது பிளேயர், பெயரும் பிளேயருக்கு.

பகடைப்பித்தன்:
லீடர்ஷிப் யோசனை பிடித்திருக்கிறது. ஸ்பெல்புக்கும் வைத்துவிடுகிறேன். மேஜ் பிளாக்கில் கவுன்டர்ஸ்பெல் (எதிரி போடும் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) இருக்கிறதே, எடுத்துவிடவா? விசார்ட் மூன்று ரவுண்டும் சும்மா நின்றால் வம்பு.

கரும்பாறை:
எடுக்காதீர்கள் ப்ரோ. அதற்கு ரியாக்ஷன் (அடுத்தவர் முறையில் குறுக்கே செய்யும் செயல்) வேண்டும், ரவுண்டுக்கு ஒரு ரியாக்ஷன்தான், 60 அடிக்குள் இருக்கணும், மந்திரம் போடுபவரைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) முதலில் எதையாவது போட்டு அதைச் செலவழிக்க வைக்கலாம், இல்லை உங்கள் விசார்ட் 60 அடி தாண்டி நின்று போடலாம். சண்டை நடக்கும் இடத்தை மட்டும் பெரிதாக வையுங்கள், நாலு தூணும் இருக்கட்டும்.