புதுப்பிப்பு: வலிப்பு இருக்கும் அக்கா மகளிடம் கேட்ட கேள்விகள்

என் அக்கா மகளுக்கு (15 வயது, கடலூர்) மாத்திரையில் வலிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் பிள்ளை வாடிக் கிடக்கிறாள், இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். வலிப்பு அன்றாட வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கும் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் ஒன்று உண்டு என்றீர்கள். ரொம்ப நன்றி.

புதுச்சேரிக்கு செக்கப் போனபோது டாக்டரிடம் கேட்டோம். அவருக்கு அது தெரிந்திருந்தது: கியூஓஎல்ஐஇ-ஏடி-48 (QOLIE-AD-48) என்று பெயர். வலிப்பு உள்ள 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது, 48 கேள்விகள், 1999-இல் வெளியானது. நினைவாற்றல், பள்ளிக்கூடம், மற்றவர்கள் ஒதுக்குவது, நண்பர்கள் துணை என்று பல பகுதிகள். மொத்த மதிப்பெண் 100-க்கு, கூடினால் நல்லது. தமிழில் அவர் பேச்சாகவே கேட்டதால் மதிப்பெண் போடவில்லை. அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் கேட்டார். பிறகு அவளே அக்காவிடம் சொன்னாள்: "பி.டி. பீரியட்ல எல்லாரும் கிரவுண்டுக்குப் போயிடுவாங்கம்மா. நான் மட்டும் கிளாஸ்ல எல்லார் பைகளுக்கும் காவல்." சில்வர் பீச்சுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லையாம். படித்தது பரீட்சையில் மறந்துபோகிறதாம். அக்கா இதை சோம்பல் என்று திட்டிக்கொண்டிருந்தாள், பாவம்.

மறதிக்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம், அளவை மெதுவாக மாற்றிப் பார்க்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர். விளையாட்டுக்கு அனுமதிக் கடிதமும் கொடுத்தார். தண்ணீரில் இறங்கினால் மட்டும் நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அக்கா கடிதத்தோடு பள்ளிக்கூடம் போகிறாள்.