‘மிகைவளர்ச்சி’ வேண்டாம், ‘பருத்தல்’ போதும்

அண்ணைக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். எலும்பு நீளும்போது கலங்கள் (செல்கள்) ஊதிப் பெருப்பதைச் சொல்லும் ‘hypertrophy’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் எங்கள் பேச்சில் இப்படி ஒரு கருத்து வந்திருந்தது:

> வளர்ச்சித்தட்டுக் (எலும்பு முனைக்கருகே நீளும் கசியிழையப் பகுதி, அதாவது குருத்தெலும்பு) கலங்களின் கடைசி நிலைக்கு ‘மிகைவளர்ச்சி’ என்றே போடலாம். அகராதியில் இருக்கிற சொல்தானே.

இருக்கிறதுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனின் கிறீன் வைத்தியர் இங்கே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படிப்பித்தபோது, அகராதியில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டா படிப்பித்தார்? ‘மிகை’ என்றதும் பிள்ளைகள் நோய் என்று நினைக்கிறார்கள். என் உயர்தர வகுப்பில் ஒருத்தி, “மிகைவளர்ச்சியை மருந்து கொடுத்துத் தடுக்க வேண்டும்” என்று எழுதியிருந்தாள். பிழை அவளிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

காசு அடுக்கியதுபோல நிற்கும் தட்டைக் கலங்கள், பிரிவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரை இழுத்து ஊதுகின்றன. கனவளவு பத்து மடங்குக்குக் கிட்டப் பெருகும். கால் எலும்பு நீளுவதில் பெரும் பங்கு இந்த ஊதலுக்குத்தான். ஆகவே ‘பருத்தல்’, ‘பருத்த கலம்’. ‘பருகலம்’ என்று சுருக்கிப் பார்த்தேன். குடிக்கிற கலம்போல ஆகிவிட்டது. அதுவும் தண்ணீர் குடிக்கிறதுதான், என்றாலும் வேண்டாம்.

‘மூப்பு’ என்ற முன்மொழிவும் சரிவராது. காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதை எல்லாருக்கும் தெரியும். பருத்த கலம் எல்லாமே காவோலை ஆவதில்லை. சில செத்துப்போகும், சில எலும்பாக்கும் கலங்களாகவே மாறும். சுண்டெலிகளில் கலங்களைத் தடம்பிடித்து இதைக் காட்டிய ஆய்வுகள் 2014இல் வந்தன.

இனிப் பரம்பரையலகு ஒழுங்காக்கல், அதாவது எந்த ஜீன் எப்போது வேலை செய்யும் என்பதைக் கட்டுப்படுத்தல். சொக்ஸ் 9 புரதம் கலத்தைக் கசியிழையமாகவே வைத்திருக்கும். இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம் கசியிழையத்தின் அடையாளம். ரன்க்ஸ் 2, மெஃப் 2சி என்ற புரதங்கள் இரண்டும் கலத்தைப் பருக்கத் தள்ளும். அப்புறம் பத்தாம் வகைக் கொலாஜன் சுரக்கத் தொடங்கும். எச்டக் 4 என்ற இன்னொரு புரதம் ரன்க்ஸ் 2, மெஃப் 2சி இரண்டையும் பிடித்து வைக்கிறது. அது இல்லாத சுண்டெலிக் குட்டிகளில் கலங்கள் நேரத்தோடு பருத்து, கசியிழையம் அகாலத்தில் எலும்பாகிவிடுகிறது. இப்படிப் பிடித்து வைப்பதற்கு ஒருவர் ‘ஒடுக்கி’ என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகங்கள் வரும். ‘அடக்கி’ போதுமே.

‘பருத்தல் அடக்கி’ என்று பிரித்து எழுதுவதா, ‘பருத்தலடக்கி’ என்று சேர்ப்பதா? இலக்கணம் தெரிந்தவர்கள் அதை மட்டும் சொல்லிவிடுங்கள், அடுத்த தவணைக் குறிப்பில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை