பாம்புக்கடியால் செயலிழந்த சிறுநீரகம், பல மாத டயாலிசிஸுக்குப் பிறகும் மீளுமா?

கேள்வி:
வயலில் கண்ணாடி விரியன் கடித்து, விஷமுறிவு மருந்தால் உயிர் பிழைத்த என் அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதால், நான்கு மாதங்களுக்கும் மேலாக வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரகப் புறணியில் (வெளி அடுக்கில்) ஆங்காங்கே திசுக்கள் இறந்திருப்பதாகப் பயாப்ஸி அறிக்கை கூறியது. அண்மைக் காலமாகச் சிறுநீர் கூடி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் போகிறது. மூன்று மாதம் தாண்டினால் மீளாது என்கிறார்கள் உறவினர்கள். நம்பிக்கை கொள்ளலாமா? டயாலிசிஸைக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
மூன்று மாதம் என்பது நோயை நாள்பட்டது என வகைப்படுத்தும் எல்லையே தவிர, மீட்சிக்கு விதித்த கெடு அன்று. நீரிழிவாலோ சிறுநீரக நீர்க்கட்டி நோயாலோ பல ஆண்டுகளாகத் தேய்ந்த சிறுநீரகம் மீள்வது மிக அரிது. திடீர்ப் பாதிப்பிலோ, சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் மறுபடி வளரக்கூடியவை என்பதால், சிலருக்கு மாதங்கள் கழித்தும் மீட்சி வருகிறது. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்க்லெரோடெர்மா நோயால் சிறுநீரகம் பழுதானவர்களில் ஓராண்டைக் கடந்தும் டயாலிசிஸிலிருந்து விடுபட்டவர்கள் உண்டு. அதனால்தான் அவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. உங்கள் அப்பாவுக்குப் புறணி முழுவதும் இறந்திருந்தால் வாய்ப்பு மிகவும் குறைவு. ஆங்காங்கே மட்டும் என்றால், இறந்த திசு திரும்பாவிட்டாலும் எஞ்சிய பகுதி ஓரளவு ஈடுகொடுக்கக்கூடும்.

பதில் 2:
சிறுநீரின் அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள். கழிவு அதிகம் இல்லாத நீர்த்த சிறுநீரும் ஒரு லிட்டர் போகலாம். டயாலிசிஸ் முடிந்தவுடன் பார்க்கும் கிரியேட்டினின் (ரத்தத்தில் சேரும் ஒரு கழிவுப்பொருள்) அளவு இயந்திரத்தின் வேலையைத்தான் காட்டும். இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட காலத்தில் 24 மணி நேரச் சிறுநீரை முழுவதுமாகச் சேகரித்து, யூரியா, கிரியேட்டினின் இரண்டையும் சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்று கணக்கிட மருத்துவரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் எண்ணிக்கையைக் குறைப்பது அந்த முடிவைப் பார்த்து அவர் எடுக்க வேண்டிய தீர்மானம். நீங்களாக ஒரு முறைகூடத் தவிர்க்க வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு.

பதில் 3:
பல இடங்களில் கவனிக்கப்படாமல் போகும் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். சிறுநீர் கூடிய பிறகும் பழைய அளவிலேயே இயந்திரம் உடலிலிருந்து நீரை உறிஞ்சினால், டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் சரிந்து, தேறிவரும் சிறுநீரகம் மறுபடி அடிபடும். ஆகவே உலர் எடையை, அதாவது உடலில் மிகையான நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையைப், புதிதாக நிர்ணயிக்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை அறவே தவிருங்கள். அமிக்காசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியோ சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனோ தேவைப்பட்டால், சிறுநீரக மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். டயாலிசிஸ் நின்றாலும் கிரியேட்டினின் முழுமையாகச் சீராகாமல் போகலாம். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் வெளியேறுவதையும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டியிருக்கும். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்டிருந்தால், டயாலிசிஸ் நின்றவுடனே அதை மூடிவிடச் சொல்லாதீர்கள்.